ஓட்டைப் புரோகிராம்

சூலூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, "ஏனுங், பம்ப் பார்ட்ஸ் பண்ற கம்பெனி எங்கீங்?" என்று கேட்டுப் பாருங்கள். "எந்தக் கம்பெனீங்?" என்று திருப்பிக் கேட்பார்கள். 1937-ல் கோயமுத்தூரில் ஜி.டி.நாயுடு மோட்டார் செய்தாலும் செய்தார், எங்கள் பக்கம் தடுக்கி விழுந்தால் லேத் மேல்தான் விழ வேண்டும்.

அப்படி ஒரு கம்பெனியில் நான் டிராஃப்ட்ஸ்மேன். பெயர் வேண்டாம், சம்பளம் இன்னும் அங்கேதான் வாங்குகிறேன்.

வேலை? ஃபிளேஞ்ச் வரைவது. பம்பையும் பைப்பையும் சேர்த்து போல்ட் போடுகிறார்களே, அந்த வட்டத் தகடு. நடுவில் பெரிய ஓட்டை, சுற்றிலும் நாலோ எட்டோ பன்னிரண்டோ சின்ன ஓட்டை. ஆட்டோகேடில் வட்டம் போடு, சென்டர் லைன் போடு, ஓட்டைகளைச் சுற்றி அடுக்கு, அளவு எழுது... மூன்றாவது ஃபிளேஞ்சிலேயே உளுந்து வடை ஞாபகம் வந்துவிடும். ஒரு நாளைக்குப் பதினைந்து வடை.

பக்கத்து சீட்டில் எங்கள் சீனியர். ஐம்பத்தாறு வயது. டிராயிங் போர்டு, மினி டிராஃப்டர், டிரேசிங் பேப்பர் காலத்து மனுஷர். கம்ப்யூட்டருக்கு மாறின பிறகும் சட்டைப் பையில் பென்சில் இல்லாமல் வரமாட்டார். எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தது அவர்தான். "கோடு முட்டோணுஞ் சாமி. முட்டாத கோடு கோடே இல்ல" என்பார்.

வடை சுட்டு அலுத்துப்போய்த்தான் ஆட்டோலிஸ்ப் பக்கம் போனேன். ஆட்டோகேட் 1982-ல் வந்தது. 1986-ல் அதற்குள்ளேயே இந்தக் குட்டி மொழியைச் சேர்த்தார்கள். இதன் மூதாதை லிஸ்ப், 1958-ல் ஜான் மெக்கார்த்தி உருவாக்கியது. நோட்பேடில் நாலு வரி எழுதி ஆட்டோகேடில் ஏற்றினால், நீங்கள் வைத்த பெயரில் ஒரு புதுக் கமாண்ட் தயார். ஒரே தொல்லை அடைப்புக்குறி. திறந்ததையெல்லாம் மூட வேண்டும். கல்யாண வீட்டுச் செருப்பு மாதிரி, கடைசியில் எண்ணிப் பார்த்தால் ஒன்று குறையும்!

பத்து நாள், ராத்திரி உட்கார்ந்து எழுதினேன். முதல் தடவை ஓட்டைகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நின்றன. ஆட்டோலிஸ்ப்புக்கு 45 டிகிரி என்றால் புரியாது; ரேடியனில் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு முழு வட்டமே 6.28தான். நான் வெறும் 45 என்றதும் அது ஏழு சுற்றுக்கு மேல் சுற்றிவிட்டு, கண்ட இடத்தில் இறங்கியிருக்கிறது.

சரி செய்தேன். கமாண்டுக்கு 'ஓட்டை' என்றே பெயர் வைத்தேன். மையம் எங்கே, வட்டம் எவ்வளவு, எத்தனை ஓட்டை என்று கேட்கும். பதில் சொன்னால் கண் இமைப்பதற்குள் ஃபிளேஞ்ச். இருபது நிமிஷ வேலை இருபது செகண்டில்! முதலாளி முதுகில் தட்டினார். சீனியர் கம்ப்யூட்டரிலும் ஏற்றிக் கொடுத்தேன்.

ஒரே வாரத்தில், லேசரில் வெட்டி வந்த சாம்பிள் தகட்டைத் தூக்கிக்கொண்டு ஃபிட்டர் வந்தார். "ஏந் தம்பி, இந்த எட்டாவது ஓட்டை மட்டும் கோவிச்சுட்டுத் தள்ளி நிக்குதே, என்ன சமாச்சாரம்?"

அளந்தால் 3 மில்லிமீட்டர். என் கம்ப்யூட்டரில் வரைந்தால் சரியாக வருகிறது, சீனியருடையதில் வரைந்தால் தப்பு. இரண்டு நாள் மண்டை காய்ந்தது. காரணம் 'ஆப்ஜெக்ட் ஸ்னாப்'. அது ஒரு காந்தம். கோட்டின் முனைக்குக் கிட்டே போனாலே கர்சரை இழுத்து ஒட்டவைக்கும். கை போடும் புள்ளி, புரோகிராம் போடும் புள்ளி என்று அதற்குப் பேதமில்லை. நான் அதை அணைத்து வைத்திருந்தேன். சீனியர் எப்போதும் காந்தத்தோடு, முழு ஷீட்டையும் சின்னதாக வைத்துத்தான் வரைவார். எட்டாவது ஓட்டை பக்கத்தில் இருந்த ஒரு மூலையில் போய் ஒட்டிக்கொண்டது.

மருந்து சுலபம். புரோகிராம் ஆரம்பிக்கும்போது காந்தத்தை அணை, வேலை முடிந்ததும் திரும்பப் போடு. இரண்டே வரி. எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த வாரம் சீனியர் ஒரு மாதிரி இருந்தார். மானிட்டரில் மூக்கு உரசுகிற மாதிரி குனிந்துகொண்டார். போட்ட கோட்டை அழித்து மறுபடி போட்டார். ஹேட்ச் கொடுத்தால், எல்லைக் கோடு மூடவில்லை என்றது ஆட்டோகேட். மவுஸை மாற்றினார், பலனில்லை. மூன்றாம் நாள் டீக்கடையில் மெதுவாகச் சொன்னார்.

"கண்ணு போயிருச்சு சாமி. கோடு ஒண்ணோட ஒண்ணு முட்ட மாட்டேங்குது. முட்டுன மாதிரி தெரியுது, பெருசு பண்ணிப் பார்த்தா தள்ளி நிக்குது. மொதலாளிகிட்ட சொல்லிட்டு, இந்த மாசத்தோட நின்னுக்கலாம்னு பார்க்கறேன்."

தலைக்கு மேலே தேஜஸ் ஒன்று சத்தத்தோடு போயிற்று. (2018-ல் அது எங்கள் ஊர் விமானப்படைத் தளத்துக்கு வந்ததிலிருந்தே, பாதிப் பேச்சைத் திருப்பிச் சொல்வது எங்களுக்குப் பழக்கம்.) அவர் திருப்பிச் சொல்லவில்லை. எனக்கும் வேண்டியிருக்கவில்லை. டீ தொண்டையில் நின்றது.

விஷயம் புரிந்துவிட்டது சார். 'ஓட்டை' பாதி ஓடும்போது அவர் எஸ்கேப் பட்டனை அமுக்கியிருக்கிறார். புரோகிராம் அங்கேயே நின்றுவிட்டது. காந்தத்தைத் திரும்பப் போடும் வரி கடைசியில் அல்லவா இருக்கிறது? அது வரவே இல்லை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாலும் அந்த செட்டிங் மாறாது. காந்தம் என்று தனியாக ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. ஆட்டோகேடின் பிறவிக் குணம் என்று நினைத்திருந்தார்.

சத்தமில்லாமல் போய் எஃப்3 பட்டனைத் தட்டிவிட்டால் என்ன என்று, பொய் சொல்ல மாட்டேன், ஒரு நிமிஷம் யோசித்தேன். முதுகில் தட்டு வாங்கியவனல்லவா? ஆனால் அவர் கணக்கில் போனது கண். கோடுகள் திடீரென்று முட்ட ஆரம்பித்தாலும் அந்த பயம் போகாதே.

"கண்ணு இல்லீங்ணா. என்ற புரோகிராமுங்ணா" என்றேன்.

எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே டீயைக் குடித்து முடித்தார். கிளாஸை வைத்தார்.

"மூணு நாளாத் தூங்கலடா" என்றார். அதுவரை ஒருநாளும் என்னை 'டா' போட்டதில்லை.

சாயங்காலம் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். பாதியில் நின்றாலும் பழைய செட்டிங்கைத் திரும்பப் போட்டுவிட்டு நிற்கும்படி, பிழை வந்தால் ஓடும் ஒரு தனிப் பகுதியைச் சேர்த்தேன். அவர் எஸ்கேப்பை அமுக்கினார். காந்தம் ஒட்டியது. மறுபடி அமுக்கினார். இருபது தடவையாவது இருக்கும். அப்புறம் பையிலிருந்து பென்சிலை எடுத்து, ஸ்கிரீன் மேல் வைத்து அடைப்புக்குறிகளை ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தார்.

கண் டாக்டரிடம் முன்பே நாள் வாங்கியிருந்ததால் சனிக்கிழமை போய்விட்டு வந்தார். பவர் நிஜமாகவே அரை ஏறியிருந்ததாம். கண்ணாடிக்கு நான் பணம் நீட்டினேன்; வாங்கவில்லை. அன்றைக்கு டீ மட்டும் என் கணக்கு.