குங்குமம் சிவப்பாகத் தெரிய வேண்டும்

பினாங்கு ஜெலுத்தோங்கில் வாகனப் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. டிங்கர் வேலை, ஏர்கான், டயர், இருக்கை உறை என்று சந்துக்குச் சந்து ஒரு தொழில். நான் போனது வேனுக்குள் வீடு கட்டிக்கொடுக்கும் பட்டறைக்கு. பழைய நிசான் வனெட்டின் பின்னிருக்கைகளைக் கழற்றிவிட்டுக் கட்டில், அடுப்பு மேடை, மேல் அலமாரி எல்லாம் பொருத்துகிறார்கள். தச்சு வேலை ஒரு சீனருடையது, வெல்டிங் ஒரு மலாய்க்காரருடையது, வயரிங்கும் விளக்கும் ஒரு தமிழருடையது.

அவரை எல்லாரும் ‘வயர்மேன் அண்ணன்’ என்றே கூப்பிடுகிறார்கள். தைப்பூசம் நெருங்கினால் பட்டறைக்கு விடுப்புப் போட்டுவிட்டுத் தண்ணீர்ப் பந்தல்களுக்குச் சீரியல் விளக்கு கட்டக் கிளம்பிவிடுவார். அப்பா காலத்துப் பழக்கம். “பந்தல்ல லைட்டு தெரியணும் தம்பி, தூரத்துலேருந்தே ஆளைக் கூப்பிடணும். வேன்ல லைட்டே தெரியக்கூடாது, வெளிச்சம் மட்டும் தெரிஞ்சா போதும்” என்றார்.

அதை எப்படிச் செய்கிறார் என்பதைக் கூடவே இருந்து பார்த்தேன். மெத்தை போடாத கட்டில் பலகையில் மல்லாந்து படுத்தார். மேல் அலமாரியின் அடியில் எல்இடி பட்டையைக் கையால் பிடித்துக்கொண்டு மெல்ல உள்ளே தள்ளினார். பட்டையின் புள்ளிகள் கண்ணுக்குப் படாமல் போன இடத்தில் பென்சிலால் கோடு. பிறகு எழுந்து உட்கார்ந்து பார்த்தார், அடுப்பு மேடை அருகே குனிந்து நின்று பார்த்தார். மூன்று நிலையிலும் புள்ளி மறைந்தபிறகுதான் அலுமினியச் சட்டத்தைத் திருகினார், விளக்கின் முகம் சுவரைப் பார்க்க. சுவரின் மரப்பலகையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் தானாகவே இளமஞ்சளாகிவிடுகிறது. பட்டையின் பின்புறப் பசையை மட்டும் நம்பினால் பினாங்கு வெயிலில் கூரை சுடும்போது அது உரிந்து தொங்கும். சட்டம் பட்டையின் சூட்டையும் வாங்கிக்கொள்கிறது.

நிறத்துக்கு அவரிடம் ஒரு சோதனை உண்டு. இரண்டு பட்டைகளை எடுத்தார். இரண்டிலும் 3000 கெல்வின் என்றே அச்சிட்டிருந்தது. தன் லாரியின் முன்கண்ணாடி அருகே இருந்த முருகன் படத்திலிருந்து கொஞ்சம் குங்குமத்தை எடுத்துப் புறங்கையில் தீற்றிக்கொண்டார். முதல் வெளிச்சத்தில் அது செங்கல் தூள் மாதிரி மங்கிக் கிடந்தது, கையும் சாம்பல் பூத்திருந்தது. இரண்டாவதில் குங்குமம் குங்குமமாகச் சிவந்தது. “நம்ம தோலு இதுலதான் நம்ம தோலா தெரியும். கறிக்குழம்பும் அப்படித்தான்.”

வெள்ளை எல்இடியின் உள்ளே இருப்பது பெரும்பாலும் நீலச் சில்லு. அதன்மேல் பூசிய பாஸ்பர் நீலத்தில் ஒரு பங்கை மஞ்சளாகவும் சிவப்பாகவும் மாற்றுகிறது. மலிவுப் பூச்சில் ஆழ்ந்த சிவப்பு குறைவு. கெல்வின் எண் இதைச் சொல்லாது. நிறங்களை உள்ளபடி காட்டுகிறதா என்பதற்குத் தனியாக சிஆர்ஐ என்ற அளவு உண்டு, அது 90-க்கு மேல் இருக்க வேண்டும். திறன்மிக்க நீல எல்இடியைக் கண்டுபிடித்ததற்காகத்தான் அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது.

நிற விஷயத்தில் அண்ணனுக்குக் குரு அவர் மனைவி. பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக மண்டலம் 1972-இல் தொடங்கியதிலிருந்து எத்தனையோ தமிழ்ப் பெண்கள் அங்கே மின்னணு ஆலைகளுக்குப் போயிருக்கிறார்கள். ஓஸ்ராம், லூமிலெட்ஸ் இரண்டுக்கும் அங்கே எல்இடி ஆலை உண்டு. அக்காவும் ஓர் எல்இடி ஆலையில் உருப்பெருக்கியில் கண் வைத்து வேலை பார்த்தவர். ஒரே நாளில் செய்த சில்லுகள்கூட நிறத்தில் சற்றே விலகும், அதனால் அளந்து வகை பிரித்துத்தான் அனுப்புவார்கள் என்றார். “ஒரு வேனுக்கு ரெண்டு சுருள் வேணும்னா ஒரே லாட்டுல வாங்குங்க. இல்லாட்டி ஒரு பக்கம் மஞ்சளடிக்கும், ஒரு பக்கம் ரோஸடிக்கும்.”

அழகுக்கு அடுத்தது ஆயுள். 12 வோல்ட் பட்டையை நேரே பேட்டரியில் கொடுத்தால், வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டர் 14 வோல்ட்டுக்கு மேலே ஏற்றிவிடும். மின்னோட்டம் கூடி, பட்டை சுட்டு, நாளடைவில் பூச்சு மங்கும். இடையில் 12 வோல்ட்டிலேயே நிறுத்திவைக்கும் ஒரு சிறு கருவியையும், பேட்டரிக்கு மிக அருகே ஒரு ஃபியூஸையும் வைக்கிறார். வெளிச்சத்தைக் குறைக்கும் டிம்மர் மலிவானதாக இருந்தால் விளக்கு துடிக்கும். கைப்பேசிக் கேமராவை நீட்டினால் திரையில் கோடு கோடாக ஓடிக் காட்டிக்கொடுத்துவிடும். மின்செலவு பெரிய கவலையே இல்லை. 10 வாட் விளக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால் 50 வாட்-மணி. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் அது ஏறக்குறைய 4 விழுக்காடுதான்.

வாசற்படி அருகே மட்டும், முழங்காலுக்குக் கீழே, இன்னும் மஞ்சளான ஒரு துண்டு. தெலுக் பஹாங் கடற்கரையோரம் கதவைத் திறந்து வைத்தால் நீலம் மிகுந்த வெள்ளை விளக்குக்குப் பூச்சிகள் மொய்க்கும், மஞ்சளுக்கு அவ்வளவு வராது.

வேன் கட்ட வருபவர்கள் முதலில் மெத்தையையும் குளிர்பெட்டியையும் கேட்கிறார்கள். அலமாரியெல்லாம் அடித்து முடித்த பிறகு, மிச்சக் காசில் விளக்கு. அண்ணனுக்கு ஒரே மனக்குறை அதுதான். வயர் பலகைக்குப் பின்னால் ஓட வேண்டும், பட்டையை மறைக்கும் விளிம்பைத் தச்சர் முன்கூட்டியே விட வேண்டும். ஆகவே வேன் கட்டுவதானால் முதல் பலகை ஏறும் முன்பே வயர்மேனைக் கூப்பிடுங்கள். கடைசித் தவணையை இரவில் கொடுங்கள், இஞ்சினை ஓடவிட்டு, உங்கள் வீட்டுக் குங்குமத்தை அந்த வெளிச்சத்தில் பார்த்த பிறகு.