காட்டுப்பூன்னா காட்டுல பூக்கறதா?

சேலம் புது பஸ் ஸ்டாண்டுல நாமக்கல் பஸ் ஏறி ஜன்னல் சீட்டைப் பிடிச்சுட்டீங்களா? ஹெட்போனைக் கொஞ்சம் கழட்டுங்க. மல்லூர் தாண்டியதும் ரோட்டுக்கு நடுவில் நிற்கும் அரளியைப் பார்க்காதீங்க, அது நட்டு வெச்சது. ஓரத்தில், வேலிப் பக்கம் மஞ்சளாக ஆவாரம்பூ தெரியுதா? அதை யாரும் நடலை. அதுதான் காட்டுப்பூ!

'இங்க காடே இல்லையே?' சென்னையிலிருந்து வந்த என் ரூம்மேட் கேட்டான். நம்ம சேலம், நாமக்கல் பேச்சில் காடுன்னா புலி, யானை இல்லை பாஸ். மழையை நம்பி சோளமும் கடலையும் விதைக்கிற மேட்டு நிலம்தான் காடு. கிணற்றுப் பாசனம் இருந்தால் தோட்டம். 'அம்மா காட்டுக்குப் போயிருக்கு' என்றால், களை வெட்டப் போயிருக்கலாம். காட்டில் விதைச்சு வந்தது வெள்ளாமை; விதைக்காமல் பூத்தது காட்டுப்பூ.

சும்மா நினைக்காதீங்க. ஆவாரை, பூளை, தும்பை மூன்றுமே கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் 99 பூக்களில் இருக்கு. ஆவாரம்பட்டையை வைத்துத்தான் ஒரு காலத்தில் தோல் பதனிட்டார்கள். தெலங்கானாவின் மாநிலப் பூ ஆவாரம்பூ. நம்ம மாநிலப் பூ செங்காந்தளும், வேலியில் தானாகப் படர்கிற கண்வலிப்பூதான்!

போகி அன்னிக்கு எங்க பக்கம் காப்புக் கட்டுவோம். பூளைப்பூ, வேப்பிலை, ஆவாரம்பூ மூணையும் சேர்த்துக் கட்டி வாசல் எரவாணத்தில், மாட்டுக் கொட்டாயில், காட்டில் செருகுவோம். முன்பெல்லாம் எங்க அம்மாயி காட்டைச் சுற்றி ஒரு நடை போனால் மடி நிறையப் பறிச்சுட்டு வந்துடும். போன பொங்கலுக்கு நான் ராசிபுரம் கடைவீதியில் ஒரு கட்டு காசு கொடுத்து வாங்கிட்டுப் போனேன். பக்கத்துக் காடு பிளாட் ஆகிடுச்சு. மிச்சக் காட்டில் களைக்கொல்லி அடிக்கிறாங்க.

"வெதைக்காத பூவுக்கும் வெலையா கண்ணு?"ன்னு அம்மாயி கேட்டுச்சு. எனக்குப் பதில் வரலை.

அடுத்த போகிக்கு ஊருக்குப் போனா, வாங்குறதுக்கு முன்னாடி உங்க காட்டை ஒரு சுற்று சுற்றிப் பாருங்க. கண்ணில் பட்டால் வேரோடு பிடுங்காம கொத்தா ஒடிச்சுக்கோங்க. விதை விழணும்ல? அதை நாம விதைக்கப் போறதில்லையே!