வாக்கியத்தில் செய்தவர் எங்கே?

இலக்கணம் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கு நினைவில் எழுவது சிவப்பு மைதான். எழுதியதை அடிப்பதற்கென்றே ஏற்பட்ட கலை அது என்று எண்ணி வந்திருக்கிறோம். ஆங்கில இலக்கணமாயின் சொல்லவே வேண்டியதில்லை. ரென் அண்டு மார்ட்டின் நூலை வைத்துக்கொண்டு, செய்வினை வாக்கியங்களைச் செயப்பாட்டு வினையாக மாற்றி மாற்றி எழுதிய தலைமுறை எங்களுடையது. ஏன் மாற்ற வேண்டும் என்று ஆசிரியர் சொன்னதில்லை; நாங்களும் கேட்டதில்லை. மாற்றினால் மதிப்பெண் உண்டு, அத்துடன் சரி.

அந்த 'ஏன்' என்ற வினாவை நான் முதன்முதலாகச் சந்தித்தது, 1990-களில் முதுகலை ஆங்கிலம் பயின்றபோது. மொழியியல் தாளில் எம்.ஏ.கே. ஹாலிடே என்னும் அறிஞரின் செயற்பாட்டு இலக்கணம் பாடமாக இருந்தது. 1925-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பிறந்த அவர், சீன மொழி ஆசிரியராகப் பணி தொடங்கியவர். 1976-இல் சிட்னிப் பல்கலைக் கழகத்திற்குச் சென்று மொழியியல் துறையை நிறுவியவர். அவருடைய முதன்மையான இலக்கண நூல் 1985-இல் வெளிவந்தது. 2018-இல் அவர் மறைந்தார். அவருடைய ஆசான் ஜே.ஆர். ஃபர்த், 1928 வரை லாகூரில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். தமிழ் ஒலிப்பு முறை பற்றி 1934-இல் ஒரு சிறு விளக்கமும் எழுதியவர். எங்கோ பிறந்த கொள்கை என்று நான் எண்ணியது, நம் மண்ணின் காற்றையும் சற்றே சுவாசித்திருந்தது.

ஹாலிடே கேட்ட கேள்வி எளியது. ஒரு வாக்கியம் சரியா, பிழையா என்பதோடு நின்றுவிடாமல், அது என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள் என்றார். எந்த வாக்கியமும் ஒரே நேரத்தில் மூன்று வேலைகளைச் செய்கிறது. உலகில் நடந்ததை எடுத்துரைக்கிறது. பேசுவோருக்கும் கேட்போருக்கும் இடையே ஓர் உறவை அமைக்கிறது. முன் சொன்னதோடு பின் சொல்வதைக் கோத்து உரையாக்குகிறது. வீட்டில் குவளை உடைந்தால் பிள்ளை வந்து, "குவளை உடைந்துவிட்டது உம்மா" என்கிறது. "நான் உடைத்துவிட்டேன்" என்று சொல்வதில்லை. இரண்டிலும் இலக்கணப் பிழை ஏதுமில்லை. முதல் வாக்கியத்தில் குவளை தானாகவே உடைந்துகொள்கிறது, அடியும் தவிர்க்கப்படுகிறது! பள்ளிக்குச் செல்லாத குழந்தைக்கும் இலக்கணம் ஒரு தேர்வு என்பது தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் அது விதி என்று மட்டும் சொல்லித் தரப்பட்டது.

இந்தப் பாடம் நடந்துகொண்டிருந்த ஆண்டில்தான், தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த என் அத்தாவின் வலக்கை இயந்திரத்தில் சிக்கி, இரண்டு விரல்கள் போயின. சில வாரங்களில் நிருவாகத்திடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. வழங்கப்பட்டிருந்த அறிவுரைகளின் 'நான்-அப்சர்வன்ஸ்' காரணமாகக் காயம் நேர்ந்ததெனக் கண்டறியப்பட்டது என்பதும், ஆதலால் மருத்துவச் செலவு ஏற்கப்பட இயலாது என்பதும் அதன் சாரம். அத்தாவுக்கு அந்தக் கடிதத்தைத் தமிழில் படித்துச் சொல்ல முனைந்தபோதுதான் என் நா தடுமாறியது. அறிவுரை வழங்கியவர் யார்? எவருக்கு வழங்கினார்? எந்த மொழியில்? கடைப்பிடிக்காதவர் யார்? கண்டறிந்தவர் யார்? ஒன்றுக்கும் அக்கடிதத்தில் விடையில்லை. 'கடைப்பிடிக்கவில்லை' என்ற வினையைப் பெயர்ச்சொல்லாகத் திரட்டிவிட்டால், அதைச் செய்தவரைக் குறிப்பிட வேண்டிய தேவை இலக்கணத்திற்கு இல்லாமற் போகிறது. ஹாலிடே இதனை இலக்கண உருவகம் என்பார். அறிவியல் நூல்களில் அதற்குப் பெரும்பயன் உண்டு. நீண்ட செய்தியை ஒரு சொல்லில் அடக்கி, மேலே வாதத்தைக் கட்டலாம். ஆனால் அதே கருவி ஒரு தொழிலாளியின் தலையில் பழியைச் சுமத்தவும் பயன்பட்டிருந்தது.

திண்ணையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்த என் பெரியத்தா, அரபி மதரஸாவில் ஸர்ஃபும் நஹ்வும் ஓதியவர். "தம்பி, இதைத்தான் நாங்கள் மஜ்ஹூல் என்போம். செய்தவர் அறியப்படாத வினை. அப்போது செயலுக்கு ஆளானவர் செய்தவரின் இடத்தில் போய் உட்காருவார். அவருக்கு நாயிபுல் ஃபாஇல் என்று பெயர், செய்தவருக்குப் பிரதிநிதி!" என்றார். சற்றுப் பொறுத்து, "உங்கள் அத்தாவை அங்கேதான் உட்கார வைத்திருக்கிறார்கள்" என்றும் சொன்னார். பல்கலைக் கழகத்தில் பல வாரங்கள் கேட்ட விரிவுரை, அந்தத் திண்ணையில் எனக்கு முழுமையாக விளங்கியது.

அன்றிரவு நான் மறுமொழி எழுதினேன். அதில் சினமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. அவர்களுடைய ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்து, அதில் விடுபட்டிருந்த எழுவாயைக் கேட்டேன். அறிவுரை வழங்கிய அலுவலர் யார், எந்த நாளில், எந்த மொழியில் வழங்கினார், தமிழன்றி வேறு மொழி அறியாத ஒருவருக்கு அது எவ்வாறு விளக்கப்பட்டது என்றெல்லாம் கேட்டேன். இரண்டாவது கடிதம் வரச் சில வாரங்கள் ஆயின. அதில் முதன்முறையாக 'நாங்கள்' என்ற எழுவாய் தோன்றியிருந்தது. மருத்துவச் செலவை நாங்கள் ஏற்கிறோம் என்றிருந்தது. என் இலக்கணம் மட்டுமே அதைச் சாதித்தது என்று நான் சொல்ல வரவில்லை. தொழிற்சங்கத்தாரும் அத்தாவுக்காக நடையாய் நடந்தார்கள். எனினும் அந்த 'நாங்கள்' என்ற சொல்லை அத்தா மறுமுறையும் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள்.

இதனால் செயப்பாட்டு வினையே தீயது என்று கொள்ளலாகாது. பெயர் வெளிப்பட விரும்பாத ஒருவர் ஏழைக் குமரின் திருமணத்திற்குப் பொருள் தந்தால், 'உதவி வழங்கப்பட்டது' என்று எழுதுவதே பண்பு. விருந்தாளியின் கை பட்டுக் கிண்ணம் விழுந்தால், 'விழுந்துவிட்டது' என்பதே நாகரிகம். செய்தவரை மறைப்பது கருணையாகவும் இருக்கலாம், கயமையாகவும் இருக்கலாம். எது என்பதை அறிய, மறைவினால் நலம் பெறுபவர் யார் என்று கேட்டுப் பார்த்தாலே போதும்.

பழைய விதிகளைத் தூக்கி எறிந்துவிட வேண்டும் என்பாரும் உளர். நான் அக்கட்சியன் அல்லன். மறுமொழிக் கடிதத்தில் எழுவாயும் பயனிலையும் இசையாமல் போயிருந்தால், அதை யார் மதித்துப் படித்திருப்பார்கள்? புதிய இலக்கணத்திலும் இடர் உண்டு. கலைச்சொற்கள் மிகுதி, அவற்றை நெட்டுருப் போட்டுத் தேர்வில் கொட்டிவிட்டு வரும் மாணவரைப் பிற்காலத்தில் ஆசிரியனாகவும் கண்டிருக்கிறேன். விதி நடையைக் கற்பிக்கிறது. பயன்பாடோ பார்வையைக் கற்பிக்கிறது. நடக்கத் தெரிந்தவருக்குக் கண்ணும் வேண்டும்.

நம் இல்லங்களில் இன்று பெண்மக்களும் ஆண்மக்களும் கல்லூரிகளில் ஆங்கிலம் பயில்கிறார்கள். நன்றாகப் பேச வருகிறதா என்றே அவர்களை நாம் கேட்கிறோம். வீட்டுக்கு வரும் வங்கிக் கடிதத்தையும், மருத்துவமனைத் தாளையும், வேலை ஒப்பந்தத்தையும் அவர்கள் கையில் கொடுத்து, "இதில் செய்பவர் யார், செய்யப்படுபவர் யார், சொல்லாமல் விடப்பட்டவர் யார்?" என்றும் கேட்போமாக. கையொப்பம் இடுமுன் அந்த மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைக்குமானால், அவர்கள் கற்ற இலக்கணம் குடும்பத்திற்குக் காவலாக நிற்கும்.