உடலின் உரிமையும் எடைக் கணக்கும்

இரவெல்லாம் தொழுது, பகலெல்லாம் நோன்பு நோற்றுவந்த அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களிடம், அவருடைய உடலுக்கும் அவர்மீது உரிமை உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை நாம் அறிவோம். வணக்கத்தில் மிகைத்தவருக்கே அந்த அறிவுரை என்றால், உணவில் மிகைக்கும் நமக்கு அது எவ்வளவு பொருந்தும்!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு வேலைக்குச் செல்வோரின் பிள்ளைகள் பலர் நம்மிடம் ஓதுகின்றனர். அவர்களுள் ஒருவரின் தந்தை அண்மையில் தம் மருத்துவப் பரிசோதனைச் சீட்டைக் காட்டினார். உயரம் 170 சென்டிமீட்டர், எடை 72 கிலோ, பி.எம்.ஐ. 24.9. "25-க்குக் கீழே இருந்தால் சரி என்கிறார்கள் ஹஜ்ரத், டாக்டரோ எடையைக் குறைக்கச் சொல்கிறார்" என்று குழம்பி நின்றார்.

பி.எம்.ஐ. எனப்படும் உடல் நிறைக் குறியீட்டெண் எளிய கணக்குதான். கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். பெல்ஜியத்தைச் சேர்ந்த கணிதவியலாளர் அடோல்ஃப் கெட்லே 19-ஆம் நூற்றாண்டில் வகுத்த கணக்கு இது. உலக சுகாதார நிறுவனத்தின் பொது அளவுகோலில் 18.5 முதல் 24.9 வரை இயல்பான எடை. ஆனால் ஒரே எடையுள்ள ஐரோப்பியரைவிட நம்மவர் உடலில் கொழுப்பு மிகுதி. அதுவும் வயிற்றைச் சுற்றியே சேர்கிறது. நீரிழிவும் நம்மைக் குறைந்த எடையிலேயே பிடித்துக்கொள்கிறது. எனவேதான் இந்திய மருத்துவ வல்லுநர்கள் 2009-இல் 23-ஐத் தொட்டாலே அதிக எடை, 25-ஐத் தொட்டால் உடல் பருமன் என வரையறுத்தனர். 170 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு 66 கிலோவே எல்லை. ஆகவே டாக்டர் சொன்னதே சரி.

இக்கணக்கு தசையையும் கொழுப்பையும் பிரித்தறியாது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் பொருந்தாது. ஆதலால் இடுப்புச் சுற்றளவையும் அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டலாகாது. 18.5-க்குக் கீழே மெலிந்திருப்பதும் நலமன்று; அதற்கும் மருத்துவரைக் காண வேண்டும்.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் பெண்களில் 40 விழுக்காட்டினர், ஆண்களில் 37 விழுக்காட்டினர் 25-ஐத் தொட்டோ தாண்டியோ இருக்கின்றனர். நைட் ஷிப்டு முடிந்து உண்ணும் பரோட்டா, தூக்கத்தை விரட்டக் குடிக்கும் சர்க்கரை மிகுந்த டீ, வலீமா விருந்தின் இரண்டாம் தட்டு பிரியாணி ஆகியவை யாவும் இக்கணக்கில் சேர்கின்றன. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்ற நபிமொழி திர்மிதியில் பதிவாகியுள்ளது.

ஆயினும் பருமனைக் கேலி செய்ய நமக்கு அனுமதியில்லை. ஆயிஷா (ரலி) அவர்களுடன் நபியவர்கள் ஓட்டப்பந்தயம் ஓடினார்கள். முதல் முறை வென்றவர் ஆயிஷா. பிறகு அவர்களின் உடல் சற்றுப் பூசியபோது நபியவர்கள் வென்று, இது அதற்குப் பதில் என மகிழ்வோடு சொன்னார்கள். அங்கே பழிப்பில்லை, கணவனும் மனைவியும் சேர்ந்து ஓடிய ஓட்டமே இருந்தது.

நம் இல்லங்களிலும் அவ்வாறே தொடங்கலாம். பக்கத்துப் பள்ளிவாசலுக்கு பைக்கை எடுக்காமல் நடப்போம். இஷாவுக்குப் பின் குடும்பத்தோடு சிறிது தூரம் உலாவுவோம். திங்கள், வியாழன் சுன்னத்தான நோன்புகளை நோற்போம். நீரிழிவுக்கு மருந்து உண்போர் மட்டும் மருத்துவரிடம் கேட்டுவிட்டு நோற்கட்டும். இந்த வாரமே ஓர் அளவு நாடாவை வாங்கி, பெரியவர்கள் எல்லோரும் இடுப்பை அளந்து குறித்து வைப்போம், இன்ஷா அல்லாஹ்.