கூழாங்கல் சுவரும் ஒட்டுப் போடும் கையும்

லண்டனின் வடமேற்குப் புறநகரான ஹாரோவில் தமிழர்கள் வாங்கிக் குடியிருக்கும் வீடுகளில் பல, 1920களிலும் 30களிலும் கட்டப்பட்ட இரட்டை வீடுகள். கீழே செங்கல், மேல்மாடியில் கூழாங்கல் பதித்த பூச்சு என்பது அந்தத் தெருக்களில் அடிக்கடி காணும் அமைப்பு. ஆங்கிலேயர் பெபிள்டேஷ் என்று சொல்லும் இந்தப் பூச்சு, தொண்ணூறு ஆண்டு மழையையும் பனியையும் தாங்கியபின் இப்போது விரிசல் விட்டுத் திட்டுத்திட்டாக உதிர்கிறது. வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத்தான் கேட்கிறார்கள்: மேலே பெயின்ட் அடித்து மறைத்துவிடலாமா, இல்லை முழுவதையும் கொத்தித் தள்ளிவிட்டு வழுவழுப்பாகப் பூசலாமா? இந்த வேலை நடக்கும் இடங்களைப் பார்த்ததில் எனக்கு ஏற்பட்ட கருத்து, பெரும்பாலான சுவர்களுக்கு இரண்டுமே வேண்டியதில்லை என்பதுதான். தண்ணீர் புகும் வழியை அடைத்துவிட்டு, கெட்ட இடத்தை மட்டும் வெட்டியெடுத்து, பழைய முறையிலேயே கல் வீசி ஒட்டுப் போட்டால் போதும். சுவரின் அழகு அதன் உறுதிக்குப் பின்னால்தான் வரும்.

வேலை தெரிந்த கொத்தனார் சாரம் கட்டியதும் கரண்டியை எடுப்பதில்லை. சுத்தியலின் கைப்பிடியால் சுவரைச் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போகிறார். கெட்டியாக ஒலித்தால் பூச்சு செங்கல்லைப் பற்றியிருக்கிறது. பொக்கையாக ஒலித்தால் உள்ளே விட்டுப்போயிருக்கிறது. அந்த இடத்தைச் சுண்ணக்கட்டியால் வளைத்துக் குறிக்கிறார். கண்ணுக்குத் தெரியும் விரிசல் விரல் நீளம்தான் இருக்கும், குறித்த வட்டமோ ஒரு கதவளவு இருக்கும். குறித்ததை உளியால் செங்கல்வரை வெட்டியெடுத்து, தூசு தட்டி, நனைத்து, ஒரு பங்கு சிமெண்ட், ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு மணல் என்ற கலவையால் அடிப்பூச்சு பூசி, ஈரமாக இருக்கும்போதே அலையலையாகக் கீறிவிடுகிறார். அது இறுகிய பிறகு அதைவிடச் சற்று இளக்கமான மேற்பூச்சு. வெளிப்பூச்சு உள்பூச்சைவிட வலுவாக இருந்தால் அதுவே கீழிருப்பதைப் பிய்த்துக்கொண்டு வரும் என்பது இத்தொழிலின் அடிப்படைப் பாடம். மேற்பூச்சு பச்சையாக இருக்கும் நேரம் மிகக் குறைவு. அதற்குள் ஒருவர் பூசிக்கொண்டே போக, இன்னொருவர் கழுவி வைத்த கூழாங்கல்லைச் சிறு அகப்பையில் அள்ளி, மணிக்கட்டைச் சுண்டிச் சுவருக்கு நேராக வீசுகிறார். வேகம் குறைந்தால் கல் ஒட்டாது, கூடினால் பூச்சு குழியும். கழுவாத கல்லின் தூசு பிடிப்பைக் கெடுக்கும். விழும் கல்லை ஏந்தக் கீழே விரிப்பு. கடைசியில் மரக்கட்டையால் ஓர் இலேசான அழுத்தம். இயந்திரத்தால் ஒரு வீட்டின் ஒட்டுக்கு இந்தக் கைக்கணக்கைத் தர முடியாது.

தண்ணீரை முதலில் பார்க்க வேண்டும் என்பதற்கு ஸ்காட்லாந்தின் ஹெலன்ஸ்பரோவில் பெரிய சான்று இருக்கிறது. கட்டடக் கலைஞர் சார்லஸ் ரென்னி மெக்கின்டோஷ் 1902க்கும் 1904க்கும் இடையில் கட்டிய ஹில் ஹவுஸ் என்ற வீட்டுக்குப் பழைய சுண்ணாம்புப் பூச்சுக்குப் பதிலாக, அன்று புதுமையாக இருந்த போர்ட்லண்ட் சிமெண்ட் பூச்சைக் கொடுத்தார்கள். சிமெண்ட் விரிசல் விட்டது, அதன் வழியாக மழை உள்ளே போனது, போன ஈரம் வெளியே வர வழியில்லை. சுவர் ஊறி ஊறி, கடைசியில் 2019இல் ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளை வீடு முழுவதையும் கூரையோடு கூடிய உலோக வலைக் கூடாரத்துக்குள் வைத்து, காற்றில் உலர விட்டது. ஒரு மேதை கட்டிய வீட்டுக்கே இந்தக் கதி என்றால், விரிசல் விட்ட பூச்சின் மேல் பிளாஸ்டிக் தன்மையுள்ள பெயின்டைப் பூசி ஓதத்தை உள்ளே அடைப்பது எவ்வளவு தவறு என்பது விளங்கும். உடைந்த பீலி, ஜன்னல் ஓரத்துப் பிளவு, தரைவரை இறங்கிச் சுவரடியிலுள்ள ஓதத்தடுப்பு அடுக்கைத் தாண்டிவிட்ட பூச்சு ஆகிய மூன்றையும் சரிசெய்யாமல் மேற்பூச்சில் செலவிடும் காசு வீண்.

ஒட்டுப் போட்ட இடம் பளிச்சென்று தனியாகத் தெரியுமே என்பார்கள். முதலில் தெரியத்தான் செய்யும். ஆனால் பல சமயம் நிறம் மாறித் தெரிவதற்குக் காரணம் கல் அல்ல, கல்லுக்கிடையே தெரியும் கலவை. மணலின் நிறத்தைப் பொருத்தினால் பாதி வித்தியாசம் போய்விடும். மீதியை மழையும் புகையும் பார்த்துக்கொள்ளும். அதுவும் பொறுக்காதவர்கள், ஒட்டு நன்றாகக் காய்ந்தபின் ஆவியை வெளியே விடும் கனிமப் பெயின்டைச் சுவர் முழுவதும் அடிக்கலாம். நான் குறை சொல்ல மாட்டேன். எல்லாவற்றையும் கொத்திவிடலாம் என்ற யோசனைதான் ஆபத்தானது. உள்ளே இருப்பது வெளியே காட்டுவதற்காகச் சுட்ட செங்கல் அல்ல. பூச்சோடு சேர்ந்து அதன் முகமும் பெயர்ந்துவிடும். மேலும் ஒரு சுவரில் பாதிக்கு மேல் பூச்சை மாற்றினால், இங்கிலாந்தின் கட்டட விதிப்படி வெப்பக்காப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டி வரும். பாதிக்கு மேல் பொக்கையாக ஒலிக்கும் சுவருக்கு முழுவதையும் கொத்துவதே சரியான வழி என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தட்டிப் பார்க்காமல் அந்த முடிவுக்கு யாரும் வர முடியாது.

ஒட்டு வேலைக்கு நாள்கூலி அதிகம், சாரத்துக்கும் தனிச் செலவு என்பது உண்மை. அந்தக் கூலி கல்லுக்கோ சிமெண்டுக்கோ போவதில்லை. தட்டிக் கேட்கும் காதுக்கும் வீசும் மணிக்கட்டுக்கும் போகிறது. அதைக் கொடுக்க மறுத்தால், அடுத்த தலைமுறையில் இந்த வேலையைக் கற்றுக்கொள்ள யாரும் வரமாட்டார்கள். ஆகவே விலை கேட்கும் நாளில், சதுர மீட்டருக்கு எவ்வளவு என்று தொடங்காதீர்கள். சுவரைத் தட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஒரு பலகையில் மாதிரி வீசிக் காய்ந்த பிறகு பழைய சுவரின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உறைபனிக் காலத்தில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.