திங்கட்கிழமைக் குழம்பு

பாகூர், வில்லியனூர் பக்கத்து வீடுகளில் ஞாயிறு என்றால் கறிக்குழம்புதான். அன்றைக்கு யாரும் குறை சொல்வதில்லை. பிரச்னை திங்கட்கிழமை ஆரம்பிக்கும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துச் சுடவைத்த கோழிக்குழம்பை முகர்ந்துவிட்டு, "ஏன் அத்தை, ஒரு மாதிரி வாடை அடிக்குதே, கடைக்காரரு பழசைக் கட்டிட்டாரா?" என்பாள் மருமகள். "கண்ணெதிரேதானேம்மா உரிச்சாரு" என்பார் மாமியார். பாதிக் குழம்பு கொல்லைக்குப் போகும். அடுத்த வாரம் கடையை மாற்றுவார்கள்.

பாவம், கடைக்காரர் மேல் தப்பில்லை.

அது அழுகல் நாற்றம் அல்ல. டப்பாவில் பல நாள் கிடந்த முறுக்கின் சிக்கு வாடைக்குப் பங்காளி. கறிக்குச் சிவப்பு நிறம் தருவது மயோகுளோபின் என்ற புரதம். அதற்குள் இரும்புச்சத்து இருக்கிறது. வேகும்போது புரதம் சிதைந்து அந்த இரும்பு விடுபடுகிறது. காற்றில் இருக்கும் ஆக்சிஜன் கொழுப்பைத் தாக்க இதுவே வழி செய்து கொடுக்கிறது. கொழுப்பு உடைந்து உண்டாகும் நுண்ணிய பொருள்கள்தான் மூக்கில் ஏறுகின்றன. ஃபிரிட்ஜின் குளிர், கிருமிகளை அடக்குகிற அளவுக்கு இந்த வேலையை அடக்குவதில்லை. மீன், கோழிக் கொழுப்பு சீக்கிரம் மாட்டிக்கொள்ளும். ஆட்டுக்கறி கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். குழம்பில் போடும் உப்புகூட இதைத் தூண்டிவிடும் என்பதுதான் வேடிக்கை.

பாட்டி காலத்தில் இந்தப் பேச்சு அதிகம் இருந்திருக்காது. ஞாயிற்றுக்கிழமை வைத்த குழம்பு ஞாயிற்றுக்கிழமையே தீர்ந்துவிடும். மிச்சத்தை நாள்கணக்கில் எடுத்துவைக்கும் பழக்கம் ஃபிரிட்ஜோடு வந்தது.

சமைத்த கறியைப் பாக்கெட்டில் விற்கும் கம்பெனிகளுக்கும் இதே தலைவலிதான். அவர்கள் பி.ஹெச்.டி. போன்ற செயற்கை ஆன்டிஆக்ஸிடன்ட்களைச் சேர்ப்பார்கள். இதற்கு மாற்று தேடிய ஹைதராபாத் தேசிய இறைச்சி ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானிகள், குப்பைக்கூடையில் கிடக்கும் ஒன்றை எடுத்துப் பார்த்தார்கள்: மாதுளம்பழத் தோல். பி.எம்.நவீனாவும் சக விஞ்ஞானிகளும் தோலைப் பொடித்துச் சாறெடுத்து, அரைத்த கோழிக்கறியில் கலந்து, வடை போல் தட்டி வேகவைத்து ஃபிரிட்ஜில் வைத்தார்கள். கொழுப்பு எவ்வளவு கெட்டிருக்கிறது என்று அளந்தபோது, எதுவும் சேர்க்காத கறியில் கிலோவுக்கு 1.27 மில்லிகிராம் சிதைவுப் பொருள். செயற்கை மருந்து சேர்த்ததில் 0.90. மாதுளைச் சாறு சேர்த்ததில் 0.76. தோல் சேர்த்ததில் வெறும் 0.20! 2008-ல் 'மீட் சயின்ஸ்' இதழில் இது வெளியானது. பழத்தைவிடத் தோல் கெட்டிக்காரத்தனம் காட்டியிருக்கிறது. அதிலுள்ள துவர்ப்புப் பொருள்கள், கொழுப்பு உடையும் சங்கிலியை நடுவில் புகுந்து அறுத்துவிடுகின்றன.

மதுரா அருகே மக்தூமில் உள்ள மத்திய வெள்ளாட்டு ஆராய்ச்சி நிறுவனமும் சும்மா இருக்கவில்லை. 2011-ல் கறிவேப்பிலைப் பொடியையும், 2012-ல் முருங்கை இலைச் சாற்றையும் ஆட்டுக்கறியில் சேர்த்துப் பார்த்த ஆய்வுகள் அங்கிருந்து வந்தன. இரண்டுமே கொழுப்பு கெடுவதைத் தாமதப்படுத்தின. பாகூர் பக்கம் கொல்லைக்குக் கொல்லை நிற்கிற மரங்கள் இவை. தட்டின் ஓரத்தில் ஒதுக்கப்படும் கறிவேப்பிலைக்கு இப்படியொரு மரியாதை!

அதற்காக மாதுளம் தோலைக் குழம்பில் போட்டுவிட வேண்டாம், வாயில் வைக்க முடியாத துவர்ப்பு வரும். தாளிப்பில் போடும் பத்து இலையும், ஆய்வகத்தில் அளந்து சேர்த்த பொடியும் ஒன்றல்ல. வீட்டில் செய்யக்கூடியது எளிது. மிச்சக் கறியைச் சின்ன டப்பாவில், காற்றுக்கு இடமில்லாமல் நிறைய ஊற்றி இறுக மூடுவது. தேவையானதை மட்டும் எடுத்துக் கொதிக்கவைப்பது. ஆன்டிஆக்ஸிடன்ட் வாடையைத்தான் தள்ளிப்போடும், எல்லாக் கிருமியையும் கொல்லாது. அடுப்பங்கரையில் இரவெல்லாம் கிடந்த குழம்பு, மஞ்சளும் கறிவேப்பிலையும் எவ்வளவு இருந்தாலும், வாடையே வராமல்கூட வயிற்றைக் கெடுக்கும். ஆக்கி முடித்து இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் போய்விட வேண்டும்.

இந்த ஆராய்ச்சி நிஜமாகவே காசாகும் இடம் வேறு. வில்லியனூரில் சுய உதவிக் குழுப் பெண்கள் கோழி ஊறுகாய் போட்டு விற்க நினைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ருசியில் அவர்களை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. ஆனால் எண்ணெயில் மூழ்கியிருந்தாலும் நாளாக ஆகச் சிக்கு ஏறும். பாட்டில் எத்தனை நாள் தாங்கும் என்பதில்தான் வாங்கிய கடனே அடங்கியிருக்கிறது. அந்தக் கேள்வியோடு ஹைதராபாத் வரை போக வேண்டியதில்லை. குருமாம்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மாட்டுக்கு ஊசி போட மட்டும் சொல்லித்தரும் இடம் அல்ல அது. பால், இறைச்சியைப் பதப்படுத்துவதும் அங்கே ஒரு பாடம். வில்லியனூரிலிருந்து கொஞ்ச தூரம்தான்.