பழைய எண்ணூறும் புது எஸ்யூவியும்



போன வாரம் மகன் புது எஸ்யூவி எடுத்து வந்தான். அதன் பக்கத்தில் என் மாருதி 800, யானைக்குப் பக்கத்தில் ஆட்டுக்குட்டி மாதிரி நின்றது. என்னுடையது 1998 மாடல். 796 சிசி, மூன்று சிலிண்டர், நான்கு கியர், எடை சுமார் 650 கிலோ. மகனுடைய வண்டி நீளத்தில் ஒரு மீட்டர் கூடுதல், எடையில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. "அப்பா, இனிமே இந்த டப்பாவைக் கொடுத்துடலாம்" என்றான். எனக்குச் சுருக்கென்றது.

அந்த டப்பாவை உங்களில் பலருக்குத் தெரியும். பிளஸ் டூ தேர்வு அன்று பஸ் வழியில் நின்றுபோய், ஆறு பேரைத் திணித்துக்கொண்டு தேர்வு மையத்தில் இறக்கிவிட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? இன்றும் போன் செய்தால் "சார், அந்த வண்டி இருக்கா?" என்றுதான் முதலில் கேட்கிறீர்கள். நானும் அதைப் பெருமையாகத்தான் சொல்லி வந்தேன்.

அன்று ராத்திரி மகன் கேட்டான்: "பாப்பாவை உங்க வண்டியில வெச்சு ஹைவேல போவீங்களாப்பா?" எனக்குப் பதில் வரவில்லை. வண்டி சட்டென்று நின்றாலும் உள்ளே இருப்பவர் அதே வேகத்தில் முன்னால் போவார், வேகம் இரட்டித்தால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்று முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவன் நான். அதே நான்தான் பெல்ட் இல்லாமல் ஆறு பிள்ளைகளை அடைத்து ஓட்டினேன். ஒன்றும் ஆகாதது என் சாமர்த்தியம் இல்லை, அதிர்ஷ்டம். புது வண்டியின் முன்பகுதி மோதலில் மடங்கி நசுங்குகிறதே, அது பலவீனம் அல்ல. நிற்கும் நேரத்தைக் கொஞ்சம் நீட்டி, உள்ளே இருப்பவர் மேல் விழும் விசையைக் குறைக்கிறது. பெல்ட்டும் காற்றுப்பையும் செய்வதும் அதே வேலைதான்.

சரி, மகன்தான் ஜெயித்தான் என்று நினைத்தேன். மறுநாள் காலை அந்த வண்டியில் நானே ஏறி உட்கார்ந்தேன். உயரமான சீட், ராஜா மாதிரி இருந்தது. நகர்த்தப் போகும்போது எதிர்வீட்டு அம்மா "சார், நில்லுங்க!" என்று கத்தினார். இறங்கிப் பார்த்தால், பம்பருக்கு முன்னால் அவருடைய நாலு வயதுப் பேரன் குனிந்து கோலிக்குண்டு பொறுக்கிக்கொண்டிருக்கிறான். உயர்ந்த பானட் அவனை முழுசாக மறைத்துவிட்டது. எனக்குக் கை கால் நடுங்கிவிட்டது. 800-லும் மறைவு உண்டு, ஆனால் பானட் தாழ்வு என்பதால் இவ்வளவு இல்லை.

உள்ளே இருப்பவரைக் காப்பதில் புதுசு மேல். வெளியே இருப்பவர் கண்ணில் படுவதில் பழசு மேல். இரண்டிலும் மிச்ச வேலை ஓட்டுகிறவருடையது.

800-ஐ விற்கவில்லை. மார்க்கெட்டுக்கு நான் மட்டும் மெதுவாக ஓட்டிப் போவேன். பேத்தி புது வண்டியில்தான் போவாள், பின்சீட்டிலும் பெல்ட்டோடு. எந்த வண்டியானாலும் எடுக்கும் முன் ஒருமுறை சுற்றி நடந்து பார்த்துவிட்டு ஏறுங்கள். அரை நிமிஷம்தான்.

அந்த ஆறு பேரில் யாராவது இதைப் படித்தால் ஒரு வார்த்தை. உங்களை நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் இன்றும் சந்தோஷம்தான். ஆனால் அதைச் சாகசக் கதையாக உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள். சார் அன்றைக்குச் செய்தது தப்பு என்றும் சேர்த்தே சொல்லுங்கள்.